நாற்பது மணி நேரம் குறைந்த பட்டம்

பெரியண்ணியைப் பற்றி நாத்தனார்க்காரி என்ன நல்லதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே செருப்பு அளவு, வாயும் ஏறக்குறைய ஒரே நீளம். பெரியண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று, ரயிலடியில் எதிரே நடந்து வந்த என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "உங்களுக்கு இடது இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பதுதான். வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அந்தச் சண்டையில் ஆரம்பித்ததுதான் எங்கள் சிநேகிதம்.

அவள் பிசியோதெரபி படித்தவள். நாலரை வருடப் படிப்பு, வகுப்பில் முதலிடம். பட்டம் வாங்கி, தன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் நாலு மாதம் வேலையும் பார்த்தாள். அங்கே பட்டம் இருந்தால் போதும், பெயரைப் பதிந்துகொண்டு மறுநாளே வேலையில் இறங்கிவிடலாம். கல்யாணமாகி இங்கே வந்தாள். இது வேறு மாநிலம், வேறு வாரியம், வேறு சட்டம். ‘இவள் படித்திருக்கிறாள்’ என்று சொல்வது பல்கலைக்கழகத்தின் வேலை. ‘இவள் நோயாளியைத் தொடலாம்’ என்று சொல்வது வாரியத்தின் வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தக் கதைதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரிய அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். பல் டாக்டர், மருந்தாளுநர், நர்ஸ் என்று உரிமம் கேட்டு வருகிற எல்லாருடைய பட்டமும் என் மெஷினில் குப்புறப் படுத்து எழுந்த பிறகுதான் எதிர்க் கட்டடத்துக்குள் போகும். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு உள்ளே போய் அழுதுகொண்டு வெளியே வருவார்கள். எங்கள் அண்ணியும் அப்படித்தான் வந்தாள். என்ன, அவள் அழவில்லை. கடிதத்தை என் மேஜை மேல் போட்டுவிட்டு, "நாப்பது மணி நேரமாம்" என்றாள்.

இந்த மாநிலத்தில் உரிமம் வேண்டுமென்றால் மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவளுடைய பல்கலைக்கழகம் கொடுத்தது தொள்ளாயிரத்து அறுபது. நாற்பது மணி நேரம் என்பது எங்கள் அம்மா ஒரு வாரம் டிவி பார்க்கும் நேரம். அதற்காக நாலரை வருடப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டோம். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. பிற மாநிலங்களின் உரிம விதிகளை மாணவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று சேர்க்கைக் கையேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்களாம். எடுத்துப் பார்த்தோம், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. பதினேழு வயதில் எவள் அறுபத்திரண்டாம் பக்கம் வரை படிப்பாள்? படிக்கிறவள் வக்கீலுக்கல்லவா படிக்கப் போயிருப்பாள்.

சரி, அந்த நாற்பதை இங்கேயே முடித்துவிடலாம் என்று கிளம்பினாள். அதற்கும் ஒரு விதி. இந்த மாநில உரிமம் வாங்கி ஐந்து வருடமான ஒருவர் கூடவே இருந்து, மணிக்கு மணி கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்படி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தன் கல்லூரி மாணவர்களுக்கே இடம் இல்லை என்றார். இன்னொருவர் அடுத்த மாதம் வா, அடுத்த மாதம் வா என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். அதற்குள் அண்ணிக்கு இரட்டைப் பிள்ளைகள். அப்புறம் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கடைக்கு அவளால் நல்ல பெயர். வாசலில் நுழைகிறவரின் நடையைப் பார்த்தே எந்த மூட்டில் கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கழற்றிப் போட்ட பழைய செருப்பைப் புரட்டி, தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். "ஒரு நல்ல பிசியோவைப் பாருங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஒரு விரல் வைக்க மாட்டாள். கை தானாக நீண்டுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். முதலாளிக்கு அதைப் பார்த்தால் ஏதோ போலீஸ்காரர் செருப்பு விற்கிறாற்போல் இருக்குமாம்.

சட்டத்தை மதிப்பதில் அவள் ஒரு பைத்தியம். ஒரு முறை தன் அம்மா வீட்டிலிருந்து ரயிலில் திரும்பி வருகிறாள், நானும் உடன் இருக்கிறேன். எதிர் இருக்கைக்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு ‘ஆ’ என்று அலறுகிறார். ரயில் இன்னும் அவளுடைய மாநிலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவளுடைய பதிவு செல்லும். எழுந்து போய்க் கழுத்தில் கை வைத்தாள். மனிதர் சொர்க்கத்தைப் பார்த்தது போலக் கண்ணை மூடினார். எல்லையில் ஒரு ஆறு, அதன் மேல் பாலம். சக்கரச் சத்தம் மாறியதும் அண்ணி கையை எடுத்துவிட்டாள். "பாலம் வந்துடுச்சுங்க, மிச்சத்தை நீங்களே தேய்ச்சுக்கோங்க." அவர் கழுத்தைப் பாதி திருப்பியபடியே எங்கள் ஊர் வரை வந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு முழுக்கச் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தவள் சின்னண்ணி, சின்னண்ணனின் பெண்டாட்டி. வேடிக்கை என்னவென்றால் அவளும் பிசியோதெரபிதான், இந்த மாநிலத்திலேயே படித்தவள். கல்யாணம் ஆனபோது ஒரு பாடம் பாக்கி இருந்தது. உடற்கூறு. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தாள். பெரியண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். ஆறு மாதம் சமையலறை மேஜைதான் வகுப்பு. படம் வரைந்து பார்த்தார்கள், மண்டையில் ஏறவில்லை. சின்னண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் குப்புறப் படுக்க வைத்து, முதுகுத் தசை அத்தனையையும் பச்சை மார்க்கரில் அவன் மேலேயே வரைந்து பெயர் எழுதினார்கள். அழியாத மார்க்கர் என்பதை யாரும் பார்க்கவில்லை. சின்னண்ணனுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. மறுநாள் வியர்த்ததும் வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து முதுகெல்லாம் பச்சை எழுத்து தெரிந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த மேலதிகாரி சத்தம் போட்டுப் படித்தாராம். அந்தத் தேர்வில் சின்னண்ணி எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினாள்.

உரிமமும் வாங்கினாள். அவளுக்கு ஒரு மணி நேரமும் குறையவில்லை, பிறந்த மாநிலத்திலேயே படித்த புண்ணியவதி. வீட்டின் முன்னறையைத் தடுத்து, ஒரு கட்டில், ஒரு திரை, சுவரில் ஒரு கம்பி ஏணி என்று கிளினிக் ஆரம்பித்தாள். முதல் வாரம் முதுகு வலியோடு ஒருவர் வந்தார். அண்ணி சமையலறையிலிருந்தே பார்த்துவிட்டு, முதுகு இல்லை, இடுப்பு எலும்பைப் பார் என்று சொல்லியிருக்கிறாள். சின்னண்ணி திரும்பி, வந்தவர் முன்னாலேயே, "அக்கா, உரிமம் இல்லாதவங்க இதுல எதுவும் சொல்லக் கூடாது" என்றுவிட்டாள்.

நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் கட்டில் கவிழ்ந்திருக்கும். ஏணியாய் நின்றவளையே எட்டி உதைப்பதா? அன்றிலிருந்து அந்தத் திரைக்கு அப்பால் பெரியண்ணி கால் வைக்கவில்லை. இருவரும் ஒரே சமையலறையில் உப்பு, பருப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் பேசுவார்கள். உடம்பைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். எனக்குச் சின்னண்ணியைக் கண்டாலே ஆகாமல் போயிற்று. என் வீடு அடுத்த தெரு, ஆனால் என் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். அவள் சமைக்கிற நாளில் மட்டும் பசி இல்லை என்பேன்.

போன வருடம் ஒரு காலையில் வாரியத்திலிருந்து புதுச் சுற்றறிக்கை ஒன்றை ஐம்பது பிரதி போடச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் பிரதி வெளியே வந்ததும் படித்தேன், எனக்கு அது கெட்ட பழக்கம். பட்டம் வாங்கிப் பத்து வருடம் கடந்துவிட்டால் இனி உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, கடைசி இரண்டு வருடப் படிப்பைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினேன். அண்ணியின் பட்டத்துக்குப் பத்து வருடம் நிறைய இருபத்தி நாலு நாள் இருந்தது. மீதி நாற்பத்தொன்பது பிரதியை மெஷினிலேயே விட்டுவிட்டு, கடையைக்கூடப் பூட்டாமல், சூடு ஆறாத தாளோடு ஓடினேன். இறங்கிய இடுப்போடு நான் ஓடிய ஓட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

இப்போது சின்னண்ணி உரிமம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருந்தது. அவள் கையெழுத்து செல்லும். அவ்வளவுதானே விஷயம் என்கிறீர்களா? அது உங்களுக்கு. கேட்க வேண்டுமே. பெரியண்ணியிடம் போனேன். அவள் கூப்பிட்டால் போகிறேன் என்றாள். சின்னண்ணியிடம் போனேன். அக்கா கேட்டால் சரி என்றாள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே பன்னிரண்டு அடி. நான் ஏழு நடை நடந்தேன். எட்டாவது நடையில் எங்கள் அம்மா எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டாள். இரண்டு மருமகளும் பேசி முடிக்கும் வரை இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டு, டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணியில் பசி ஜெயித்தது. அண்ணி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை மூத்தவள் பயிற்சி பெறுபவள், இளையவள் மேற்பார்வையாளர். கிளினிக்குக்குள் அக்கா கிடையாது, மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சின்னண்ணி சொல்லிவிட்டாள். பதினொன்று அடித்ததும் இருவரும் சமையலறைக்கு வருவார்கள். அங்கே காய் பெரிதாக நறுக்கியதற்கு மேடம் திட்டு வாங்குவாள்.

முதல் நோயாளி ஒரு பஸ் டிரைவர், கழுத்து வலி. கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்து, சட்டப்படி, இந்த மண்ணில் ஒரு கழுத்தின் மேல் அண்ணியின் கை பட்டது. நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவளுடைய விரல்கள் கழுத்தோரமாகத் தேடின. பிறகு அவை எதையோ கண்டுபிடித்துவிட்டது போல் நின்றன, மெல்ல வேலையைத் தொடங்கின. அண்ணியின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரைவர் குறட்டையே விட்டுவிட்டார். சின்னண்ணி சிவப்புப் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதினாள்: ‘நோயாளி தூங்கிவிட்டார். பன்னிரண்டு நிமிடம் கழிக்கப்பட்டது.’

எனக்குக் கண் சிவந்துவிட்டது. மனிதன் சுகத்தில் தூங்கினால் அது குறையா, பெருமையா? சின்னண்ணி அசையவில்லை. தூங்குகிறவருக்கு வலி எங்கே என்று எப்படிக் கேட்பது, கேட்காத நேரம் பயிற்சி நேரம் ஆகாது என்றாள். மறுநாள் ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு மணி என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இன்னொரு நாள் அண்ணி நோயாளியின் குடும்பக் கதை கேட்டாள் என்று ஒன்பது நிமிடம் போயிற்று. பெரியண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனான். சின்னண்ணன் பாவம், பெண்டாட்டி பக்கம் பேசினால் அண்ணன் முறைப்பான், அண்ணன் பக்கம் பேசினால் கட்டில் கிடையாது. அம்மா என்னிடம், நாம் வளர்த்தது கிளி இல்லையடி, கணக்குப் பிள்ளை என்றாள். அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டே கூடுதல் நேரம் நின்றாள். இப்படியாக நாற்பது மணி நேரத்துக்காக ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்தாள். முடிந்தபோது ஐந்து நாள் மீதி.

அப்புறம் பார்த்தால் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ‘பயிற்சி பெறுபவர் மேற்பார்வையாளரின் உறவினரா? ஆம் / இல்லை.’ ஆம் என்றால் வாரியத் தலைவர் இருவரையும் நேரில் விசாரித்த பிறகே மணி நேரங்கள் ஏற்கப்படும். அவர் ஏற்காவிட்டால் எல்லாம் போச்சு, திரும்பச் செய்ய நாளே இல்லை. இல்லை என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, நான்தான் பிரதி எடுக்கப் போகிறேன், நானே சாட்சி. அம்மாவும் என் கட்சிதான். ஓரகத்திகளுக்குள் என்ன பெரிய உறவு, பகைதானே, இல்லை என்று போடுவது பொய்யே இல்லை என்றாள்.

சின்னண்ணி பேனாவைப் பிடுங்கி ‘ஆம்’ என்று டிக் அடித்தாள். நான் அவளைக் கேட்காத கேள்வி இல்லை. அக்கா முன்னுக்கு வந்தால் உனக்கு எரிகிறதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பெரியண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவ போட்டது சரிதான், விடு" என்றாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

விசாரணைக்குக் கடைசிக்கு முந்தின நாள் தேதி கிடைத்தது. பதிவேட்டின் மூன்று பிரதி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அந்தச் சாக்கில் நானும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன். தலைவர் ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர், வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஓரகத்திகளா என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே கையெழுத்து, வீட்டிலேயே பயிற்சி, இதை நான் எப்படி நம்புவது என்றார். பெரியண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னண்ணி பதிவேட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

அவர் படிக்க ஆரம்பித்தார். முதலில் மனதுக்குள், அப்புறம் வாய்விட்டு. நோயாளி தூங்கிவிட்டார், பன்னிரண்டு நிமிடம். சொந்தக் கதை கேட்கிறார், ஒன்பது நிமிடம். ஏழாம் நாளுக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மறுபடி படித்தார்: ‘மேற்பார்வையாளரின் சமையலைப் பற்றி நோயாளியிடம் கருத்துச் சொன்னார். ஐந்து நிமிடம் கழிக்கப்பட்டது.’ பக்கத்தில் இருந்த செயலாளர் இருமுவது போல் குனிந்துகொண்டார். தலைவருக்கு வயிறு குலுங்கியது. பதினாறு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், எல்லாரும் கூட்டித்தான் எழுதுவார்கள், கழித்து எழுதி இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு சின்னண்ணியிடம், இவர் மேல் உங்களுக்கு அவ்வளவு கோபமா என்று கேட்டார்.

"கோபம் இல்ல சார். எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்ததே அக்காதான், அவங்க இல்லேன்னா நான் பாஸே ஆகியிருக்க மாட்டேன்" என்றாள் சின்னண்ணி. பதிவேட்டின் மேல் கையை வைத்தாள். "உறவுக்காரி தூக்கிக் குடுத்த உரிமம்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாது. அதான் ஒரு நிமிஷம்கூட விட்டுக் குடுக்கல."

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. இத்தனை நாள் நான் அவளைப் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. தலைவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். செயலாளர் முத்திரையை மையில் தொட்டு, ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. உரிம எண்ணைப் படிவத்தின் மேலேயே எழுதி, இன்று முதல் செல்லும் என்று சொல்லித் தாளைப் பெரியண்ணியிடம் நீட்டினார்.

வெளியே நடைவழியில் ஒரு மர பெஞ்சு. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். பெரியண்ணி தாளை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். நான் இரண்டையும் ஒருசேரச் செய்துகொண்டிருந்தேன். சின்னண்ணி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, எனக்கு வலது தோள் ரெண்டு வருஷமா சரியா தூக்க முடியல. யார்கிட்டயும் காட்டல. காட்டினா உங்ககிட்டதான் காட்டணும்னு இருந்தேன்."

"தெரியும்" என்றாள் பெரியண்ணி. "தலை வாரும்போது சீப்பு இடது கைக்கு மாறினதுல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்ல."

சின்னண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். பெரியண்ணி தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் அந்தத் தோளின் மேல் வைத்தாள். வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க, கையைத் தூக்கு" என்றாள்.

சின்னண்ணி தூக்கினாள். பாதி உயரத்தில் கை நின்றது.

"சரி, இங்கேருந்து ஆரம்பிப்போம்" என்றாள் பெரியண்ணி.